32 பிட்டுக்குள் அடங்காத பொன்னுருக்கல்

கோப்பாயில் ஒரு கல்யாண வீட்டு வீடியோ, ஐந்து ஜிகாபைட்டுக்குக் கிட்ட. பென் டிரைவில் போதிய இடம் இருந்தும் கோப்பு ஏறாது. காரணம், அந்த பென் டிரைவ் பெரும்பாலும் ஃபாட் 32 என்ற கோப்பு முறைமையில் இருக்கும். அதில் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட்டுகளே உண்டு. எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295.

ஏறாமல் விடுவது பாதுகாப்பு. ஏற்றுக்கொண்டு பிழையாக எழுதுவதுதான் ஆபத்து.

பல கோப்பு முறைமைகள் தட்டை 4,096 பைட் தொகுதிகளாகப் பிரிக்கின்றன. கோப்பின் 1,200,000ஆவது தொகுதி எங்கே என்றறிய இரண்டையும் பெருக்க வேண்டும்: 4,915,200,000. விடையை வாங்க 64 பிட் மாறியை நிரலாளர் கவனமாக வைத்திருப்பார். ஆனால் பெருக்கப்படும் எண்கள் 32 பிட் என்றால் சி மொழி 32 பிட்டிலேயே பெருக்கும். மேல்பிட் அறுந்து, 620,232,704 என்ற விடைதான் அந்தப் பெரிய மாறிக்குள் போகும். விருந்துக் காட்சி பொன்னுருக்கல் சடங்குக் காட்சியின் மேல் எழுதப்பட்டுவிடும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல். திருத்தம் ஒரே சொல்: பெருக்குவதற்கு முன்பே தொகுதி எண்ணை 64 பிட்டாக்க வேண்டும். சிறிய கோப்புகளால் சோதித்தால் இந்தப் பிழை அகப்படவே அகப்படாது.

நேரத்திலும் இதே சிக்கல். 1970இலிருந்து செக்கன்களை 32 பிட்டில் எண்ணினால், கழித்தல் குறிக்கு ஒரு பிட் போக, 2038 ஜனவரி 19 அன்று எண் தீர்ந்துவிடும். கோப்பாய் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கன். அடுத்த செக்கன் 1901 டிசம்பர். 2018இல் வந்த லினக்ஸ் கருநிரல் 4.18இல், தீபா தினமணியின் உழைப்பால், கோப்புகளின் நேரங்கள் நினைவகத்தில் 64 பிட்டாகின.

தட்டில் ஏற்கெனவே எழுதப்பட்ட அமைப்பை அப்படி விரிக்க முடியாது; பழைய தட்டுகளும் திறந்தாக வேண்டுமே. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. நனோ செக்கனுக்கு ஒதுக்கிய 32 பிட்டில் 30 போதும், நூறு கோடிக்குக் குறைந்த எண் அதற்குள் அடங்கிவிடும். மிஞ்சிய இரண்டையும் செக்கனுக்குக் கொடுத்தார்கள். எல்லை 2446க்கு நகர்ந்தது.

அந்த இரண்டு பிட்டிலும் பிழை புகுந்தது. 1970க்கு முந்திய தேதியுள்ள கோப்புகளுக்கு 64 பிட் கணினிகள் அந்தப் பிட்டுகளைத் தவறாக எழுதிவந்தன. கருநிரலைப் பின்னர் திருத்தினார்கள். ஏற்கெனவே தவறாகப் பதிந்த தேதிகளை ஈ2எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் நிரல் சரிசெய்யும். அதை 2242க்கு முன் ஓட்டிவிட வேண்டும் என்று மூலநிரலிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள்.