டென்மார்க்கின் வெந்நீரும் மின்சாரமும்

அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதமே மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி, டர்பைனை விட்டு வெளியேறும் நீராவியோடு கடலுக்கோ காற்றுக்கோ போய்விடுகிறது. அந்த நீராவியைக் கொஞ்சம் சூட்டோடு எடுத்து, அதில் நீரைக் காய்ச்சி ஊருக்குள் அனுப்பினால் மின்சாரம் சற்றுக் குறையும். ஆனால் எரிபொருளில் 80 முதல் 90 சதவீதம் வரை பயன்பட்டுவிடும். இதுவே வெப்ப-மின் கூட்டு உற்பத்தி.

நுட்பம் பழையது. அதை நாடு முழுக்கப் பரப்பியவை டென்மார்க்கின் சட்டங்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அந்நாட்டின் ஆற்றல் தேவையில் 90 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. 1979இல் வெப்ப வழங்கல் சட்டம் வந்தது. எந்தத் தெருவுக்கு வெந்நீர்க் குழாய், எந்தத் தெருவுக்கு எரிவாயு என்று நகராட்சிகளே திட்டமிட்டன. வீட்டுக்காரர்களை இணைப்புப் பெறக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் அவற்றுக்குக் கிடைத்தது. கூடவே, வெப்பத்தை விற்று லாபம் பார்க்கக் கூடாது, அடக்க விலைக்கே தர வேண்டும் என்றும் விதித்தார்கள். இந்த விதி இல்லாமல் அந்தக் கட்டாயம் நியாயமாகியிருக்காது. இன்று மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு வெப்பம் குழாய் வழியாகத்தான் வருகிறது.

1990களில் சிற்றூர்களிலும் எரிவாயு, வைக்கோல் ஆகியவற்றில் இயங்கும் சிறு நிலையங்கள் எழுந்தன. அவற்றின் மின்சாரத்துக்கு நேரத்தைப் பொறுத்து மூன்று விதமான விலை. ஆனால் மின்சாரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் நேரமும் வீடுகளுக்கு வெப்பம் தேவைப்படும் நேரமும் ஒன்றல்லவே! அதனால் நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய தொட்டி கட்டினார்கள். மேலே 90 டிகிரியை ஒட்டிய வெந்நீர், கீழே வீடுகளைச் சுற்றிவிட்டு ஆறித் திரும்பிய நீர். சுடுநீரின் அடர்த்தி குறைவு என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. விலை ஏறும்போது எஞ்சின் ஓடித் தொட்டியை நிரப்பும். நள்ளிரவில் எஞ்சின் நின்றாலும் வீடுகளுக்கு வெந்நீர் போய்க்கொண்டிருக்கும்.

2005 முதல் பெரிய நிலையங்களும், பின்னர் சிறியவையும் சந்தை விலைக்கு மின்சாரம் விற்க வேண்டியதாயிற்று. காற்றாலைகள் பெருகப் பெருக அந்த விலை பல மணி நேரம் அடிமட்டத்துக்கு இறங்கியது. பழைய மூவித விலைக்கு ஈடாகத் தரப்பட்ட நிலையான மானியமும் பெரும்பாலான நிலையங்களுக்கு 2018 முடிவோடு நின்றது. எரிவாயு எஞ்சின்கள் ஓடும் நேரம் சுருங்கியது. வெப்பத்துக்குச் செலவாகும் மின்சாரத்தின் மீதான வரி குறைந்ததும், மின் கொதிகலன்களும் வெப்பப் பம்புகளும் அதே தொட்டிகளை நிரப்பத் தொடங்கின.

தீராமல் நிற்கும் சிக்கல் ஒன்று உண்டு. காற்று வீசாத குளிர்கால மாலையில் இந்த எஞ்சின்களே கைகொடுக்க வேண்டும். ஆனால் யூனிட்டுக்கு விலை தரும் சந்தை, ஆண்டு முழுக்கத் தயாராக நிற்பதற்கான செலவைத் தானாக ஈடுகட்டுவதில்லை.