மாந்தர் அனைவரும் ஒரு குலத்தினரே

புதுச்சேரியினின்று கடலூருக்குச் செல்லும் சாலையில் உள்ளது தவளக்குப்பம். அதற்கு அணித்தே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு அமைந்துள்ளது. 1945 ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அங்கு அகழ்ந்தபோது, உரோமரோடு நிகழ்ந்த வாணிகத்தின் சுவடுகள் வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடையன. அதனினும் பன்மடங்கு தொன்மையான மனிதப் பயணம் ஒன்றன் சுவடு நம் உடலிலேயே பதிந்துள்ளது. அதுவே மரபணு.

ஓலைச்சுவடியைப் படியெடுப்போர் ஓரெழுத்தைப் பிழைபட எழுதின், அப்படியைப் பார்த்து எழுதிய சுவடிகளிலெல்லாம் அப்பிழை தொடரும். எச்சுவடி எதன் வழிவந்தது என்பதைப் பதிப்பாசிரியர் அதனைக் கொண்டே துணிவர். மரபணுவிலும் இத்தகைய திரிபுகள் நேர்ந்து, வழிவழியாகத் தொடர்கின்றன. தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோமில் தோன்றிய எம்130 என்பது அவற்றுள் ஒன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் பங்குகொண்ட ஆய்வில், மதுரைப் பகுதியினர் சிலரிடம் இக்குறி காணப்பெற்றது. ஆத்திரேலியப் பழங்குடியினர் பலரிடமும் இஃது உண்டு. கடல்கள் இடையிட்ட இவ்விரு சாராரும் ஒரு முன்னோன் வழியினர் அன்றோ!

மரபணு வேற்றுமை மிகுதியாக இருப்பது ஆப்பிரிக்க மக்களிடையே. மாந்தர் நெடுங்காலம் வாழ்ந்த தாயகம் அதுவே என்பதற்கு இது சான்று. மொராக்கோ நாட்டில் கிடைத்த எலும்புகள் நம்மினத்தார் ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகட்கு முன்னரே அங்கு வாழ்ந்தமையைக் காட்டுகின்றன. இன்று பிற கண்டங்களில் வாழ்வோர், பெரும்பாலும் 70,000 முதல் 50,000 ஆண்டுகட்கு முன்னர் ஆப்பிரிக்காவினின்று புறப்பட்டோரின் வழித்தோன்றல்களே. சென்ற இடத்து வெயிலின் அளவிற்கேற்ப, தலைமுறை பல கடந்து, அவர்தம் நிறம் வேறுபட்டது.

நம் நாட்டின் நிலை யாது? ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்து அறிஞர்களான லால்ஜி சிங், தங்கராஜ் முதலியோர், அமெரிக்க அறிஞரோடு கூடி 25 இனக்குழுக்களை ஆராய்ந்து 2009 ஆம் ஆண்டு முடிபு வெளியிட்டனர். இந்தியருள் மிகப் பெரும்பாலோர் இரு தொன்மரபுகள் கலந்து தோன்றியவர் என்பது அம்முடிபு. அக்கலப்பு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகட்கு முன்னர் வரை பரவலாக நிகழ்ந்தது என்று 2013 ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. தம் குழுவிற்குள்ளேயே மணம் புரியும் வழக்கம் அதன் பின்னரே எங்கும் இறுகியது. வேலி பிந்தியது, உறவே முந்தியது.

எவ்விருவர் மரபணுக்களை ஒப்பிடினும், ஆயிரம் எழுத்துகளுக்கு ஏறத்தாழ ஓரெழுத்தே வேறுபடும். அச்சிறு வேறுபாட்டிலும் பெரும்பகுதி ஒரே குழுவினரிடையே காணப்படுவது. ஆதலின், பிறப்பால் உயர்ந்தோர் என ஒருவர் செருக்குறுதற்கும், தாழ்ந்தோர் எனப் பிறரை ஒதுக்குதற்கும் குருதியில் இடமில்லை. இவ்வுண்மையை அறிந்து, அனைவரையும் உறவினராகப் போற்றி ஒழுகுதல் நம் கடனாகும்.