பேய் பொய், கதவு மெய்

பொழுது சாய்ந்ததும் அந்தத் தெருவில் புகை பரவுகிறது. இருபக்கமும் பழைய மரவீடுகள், மங்கலான விளக்குகள். பத்தடி தள்ளி நிற்பவரின் முகம் தெரியவில்லை. எங்கிருந்தோ 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். திரும்புவதற்குள் தரையோடு தரையாக ஓர் உருவம் சறுக்கிக்கொண்டு வந்து, காலடிக்கு ஒரு சாண் முன்னால் நின்று, அண்ணாந்து முகத்தைப் பார்க்கிறது. அது வந்த தடமெங்கும் தீப்பொறி. வீரிட்டு அலறிய பெண், அடுத்த நொடியே தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

கலிஃபோர்னியா மாநிலத்தின் புவேனா பார்க் நகரில் இருக்கும் 'நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்' தீம் பார்க்கில், பேய்த் திருவிழாவான ஹாலோவீன் பருவத்து இரவுகளில் நடக்கும் காட்சி இது. முழங்காலில் உலோகத் தகடு பதித்த உறை அணிந்து சறுக்கி வரும் இந்தக் கலைஞர்களை அங்கே 'ஸ்லைடர்' என்கிறார்கள். கூட்டத்தின் நடுவே, கும்மிருட்டில், யார் மேலும் மோதாமல் ஒரு சாண் தூரத்தில் நின்றாக வேண்டும். அதற்குப் பல நாள் பயிற்சி வேண்டும். பார்க்கிறவருக்குத் தெரிவது பேய் மட்டும்தான். அந்த ஒரு சாண் இடைவெளியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

கோழி விருந்து வரிசையில் பிறந்த பேய் ஊர்

பெயரே சொல்வதுபோல, நாட்ஸ் ஒரு காலத்தில் பெர்ரிப் பழத் தோட்டம். வால்டர் நாட் குடும்பத்தினர் சாலையோரம் பழம் விற்றார்கள். 1934-ல் அவர் மனைவி கோர்டிலியா வறுத்த கோழி விருந்து போடத் தொடங்கினார். அதைச் சாப்பிட வரிசை நீண்டுகொண்டே போனது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று 1940-ல் 'கோஸ்ட் டவுன்' என்ற பழங்கால ஊரை எழுப்பினார் வால்டர். 1973 அக்டோபரில் அந்த ஊரில் மூன்று இரவுகள் பேய் வேடம் கட்டிப் பார்த்தார்கள். அது பிடித்துக்கொண்டது. தீம் பார்க் ஹாலோவீனுக்கு அதுதான் முன்னோடி.

ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் 1991-ல் இதில் இறங்கியது. அப்போது மூன்றே இரவுகள், ஒரே ஒரு பேய் வீடு. மறு ஆண்டே 'ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்' என்று பெயர் மாறியது. 2024-ல் அதே இடத்தில் 10 பேய் வீடுகள், 48 இரவுகள். அக்டோபர் 31-க்குரிய கொண்டாட்டம் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. சிறுவர்களோடு வருகிறவர்களுக்காக டிஸ்னி 1995 முதல் அவ்வளவாகப் பயமுறுத்தாத மிக்கி மவுஸ் விருந்தொன்றைத் தனியாக நடத்துகிறது. நம் வாசகர்கள் பலர் போய்வரக்கூடிய சிங்கப்பூர் செந்தோசாவிலும் 2011 முதல் யூனிவர்சலின் ஹாரர் நைட்ஸ் உண்டு. கர்ப்பிணியாக இறந்தவள் பேயாக வருவாள் என்று மலாய் மக்கள் கதை சொல்லும் பொந்தியானாக்கும் அங்கே தலைகாட்டியிருக்கிறாள்.

உப்பு அளவு பயம்

காசு கொடுத்து ஏன் பயப்பட வேண்டும்? டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியோடு வைலே என்ற ஊரில் உள்ள ஒரு பேய் வீட்டுக்கே போனார்கள். 110 பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டி உள்ளே அனுப்பினார்கள். எங்கே திடுக்கிட்டார்கள், எவ்வளவு ரசித்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2020-ல் வெளியான அந்த ஆய்வின் சாரத்தை நம் சமையலறை மொழியில் சொல்லிவிடலாம்: பயம் உப்பு மாதிரி. குறைந்தால் சப்பென்று இருக்கும். கூடினால் வாயில் வைக்க முடியாது. நடுவிலே ஓர் அளவு இருக்கிறது, ரசனை அங்கேதான் உச்சம்.

அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் எல்லோருக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று மனதின் ஏதோ ஒரு மூலை உறுதியாக நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை போய்விட்டால் மிஞ்சுவது வெறும் பீதி. எனவே பயத்தை விற்கிறவர் முதலில் நம்பிக்கையை விற்றாக வேண்டும். அது எவ்வளவு எளிதில் உடையும் என்பதை இந்தத் தொழில் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது.

1984: வெளியே வராத எட்டுப் பேர்

நியூ ஜெர்ஸி மாநிலம் ஜாக்சனில் உள்ள 'சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர்' பூங்காவில் 'ஹாண்டட் காஸில்' என்றொரு பேய்க் கோட்டை இருந்தது. முகப்பு கோட்டை, உள்ளே 17 லாரி டிரெய்லர்களை ஒன்றோடொன்று கோத்து அமைத்த இருட்டு வழி. 1984 மே 11 மாலை. உள்ளே ஓரிடத்தில் இருட்டு அதிகமாக இருக்க, வழி தெரிவதற்காக ஓர் இளைஞர் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்தார். சுவரில் மெத்தைபோல் பதித்திருந்த ஃபோமில் தீ ஏறியது. நுரைப்பொருள் எரியும் வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பதின்பருவத்தினர் எட்டுப் பேர் வெளியே வரவில்லை.

உள்ளே தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லை, புகை உணரும் கருவியும் இல்லை. டிரெய்லர்களால் ஆனது 'தற்காலிக அமைப்பு', ஆகவே நிரந்தரக் கட்டடத்துக்கான விதிகள் பொருந்தாது என்ற கணக்கில் பல பருவங்கள் அது ஓடியிருந்தது. நிறுவனத்தின் மீது வழக்கு நடந்தது. 1985-ல் ஜூரி விடுவித்துவிட்டது. தண்டனை கிடைக்கவில்லை. ஆனால் விதிகள் மாறின.

இன்றைய அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பில் பேய் வீடுகள் ஒரு தனி இனம். காரணம் எளிது. மற்ற கட்டடங்களில் வழி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது விதி. பேய் வீட்டிலோ வழி தெரியாமல் குழப்புவதே தொழில். ஆகவே நீர்த்தெளிப்பான் கட்டாயம். புகை உணர்கருவி விழித்துக்கொண்ட உடனே வெளியேறும் வழியின் விளக்குகள் பளிச்சென்று எரிய வேண்டும். குழப்பும் ஓலங்களும் இசையும் அந்த நொடியே நிற்க வேண்டும். பேய் உலகம் ஒரே கணத்தில் சாதாரணக் கட்டடமாக மாறிவிட வேண்டும். பேய் வீட்டின் தரத்தை, அது எவ்வளவு பயமுறுத்துகிறது என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் பயமுறுத்துவதை நிறுத்துகிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

விதி இருந்தும் விபத்து நேரலாம். 2017 செப்டம்பரில் ஹாங்காங் ஓஷன் பார்க்கின் ஹாலோவீன் பேய் வீட்டில் 21 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். உயிரோடு புதைக்கப்படும் அனுபவத்தைக் காட்டும் அரங்கு அது. பார்வையாளர் போகக்கூடாத, இயந்திரங்கள் இயங்கும் பகுதிக்குள் போன அவர்மீது நகரும் சவப்பெட்டி மோதியது. இருட்டில் எது காட்சி, எது காட்சிக்குப் பின்னால் இருக்கும் இரும்பு என்று வந்தவருக்கு எப்படித் தெரியும்? தவறான பக்கம் கால் வைக்கவே முடியாதபடி வழியை அடைப்பது நடத்துகிறவர் பொறுப்பு.

தொடாதே!

பெரிய பூங்காக்களில் நுழைவாயிலிலேயே ஒப்பந்தம் தெளிவு. பேய் உங்களைத் தொடாது. நீங்களும் பேயைத் தொடக்கூடாது. யூனிவர்சலின் ஹாரர் நைட்ஸிலும் நாட்ஸிலும் பார்வையாளர் வேடமும் முகமூடியும் அணிந்து வரத் தடை. பேய் எது, பார்வையாளர் யார் என்ற குழப்பம் வந்தால் ஒப்பந்தமே ஆட்டம் கண்டுவிடும். வாசலில் மெட்டல் டிடெக்டர் சோதனையும் உண்டு.

இந்த ஒப்பந்தத்தில் அதிகம் அடிபடுவது பெரும்பாலும் பேய்தான். திடுக்கிடுகிறவரின் கை தானாக வீசும். மது விற்கும் இரவுகளில், வேண்டுமென்றே சீண்டுகிறவர்களும் வருவார்கள். ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை ஒரே மூலையிலிருந்து பாய்ந்து, ஒவ்வொரு முறையும் ஓர் அடி பின்வாங்கத் தயாராக நிற்பது சாதாரண வேலை அல்ல. கூடவே கறுப்பு உடையில், டார்ச்சோடு இருட்டில் நிற்கும் ஊழியர்கள் உண்டு. யாராவது தாங்க முடியாமல் நின்றுவிட்டால் பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே அழைத்துப் போவது அவர்கள் வேலை.

சின்ன இடங்களில் இந்த ஒழுங்கு தளரும்போது என்ன ஆகும் என்பதற்கு 2021 செப்டம்பரில் ஒஹையோ மாநிலத்தில் நடந்தது சாட்சி. பொருட்காட்சி மைதானம் ஒன்றில் போட்டிருந்த பேய் வீட்டின் நடிகர், வீட்டிலிருந்து நிஜக் கத்தியைக் கொண்டுவந்திருந்தார். 11 வயதுச் சிறுவனின் காலருகே தரையில் குத்தி மிரட்ட நினைத்தார். கத்தி சிறுவனின் கால்விரலில் இறங்கியது. காயம் சிறியதுதான். ஆனால் ஒரு சாண் இடைவெளி இல்லாமல் போனால் விளையாட்டு எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது போதும்.

பயத்தின் பொருளிலும் எல்லை உண்டு. 2016-ல் நாட்ஸ், மெய்நிகர்க் கண்ணாடி மாட்டிப் பார்க்கும் காட்சி ஒன்றைக் கொண்டுவந்தது. கதைக்களம் மனநல மருத்துவமனை. மனநலம் குன்றியவர்களைக் கட்டாயமாகக் காவலில் வைப்பதற்கான கலிஃபோர்னியச் சட்டப் பிரிவின் எண்ணையே தலைப்பில் வைத்திருந்தார்கள். நோயாளிகளின் குடும்பத்தாரும் மனநல அமைப்புகளும் கொதித்தெழ, சில நாட்களிலேயே அதை மூடினார்கள். பேய்க்குப் பயப்படலாம், நோயாளிக்கு ஏன் பயப்பட வேண்டும் என்ற கேள்விக்கு நிர்வாகத்திடம் பதில் இல்லை.

வாசலுக்கு வெளியே இருந்து வரும் பயம்

அண்மைக் காலத்தில் பூங்காக்களின் தலைவலி இருட்டு அல்ல, கூட்டம். பென்சில்வேனியாவில் 1898 முதல் இருக்கும் கென்னிவுட் பூங்காவில், 2022 செப்டம்பர் 24 இரவு ஹாலோவீன் கொண்டாட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. மூன்று பேர் காயமடைந்தார்கள். இருவருக்கு வயது 15. அதன் பிறகு 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் 21 வயது நிரம்பிய ஒருவரோடுதான் வர வேண்டும் என்றாகிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் இளைஞர் கைகலப்பு முற்றி முன்கூட்டியே மூட நேர்ந்த நாட்ஸும் இத்தகைய விதியை அதற்குள் கொண்டுவந்திருந்தது. வாலிபப் பிள்ளைகளுக்கு இது கசக்கும். என்றாலும் பேயைப் பார்த்து அலறுகிற கூட்டத்தில் நிஜமான அலறல் ஒன்று கேட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பேய்த் திருவிழாவின் பெரிய பலவீனம் அது.

அதே ஆண்டு அக்டோபர் 29-ல், தென்கொரியத் தலைநகர் சோலின் இதேவோன் பகுதியில், குறுகலான ஒரு சந்தில் ஹாலோவீன் கொண்டாடத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 159 பேரின் உயிர் போனது. அது தெரு, நுழைவுச்சீட்டும் கிடையாது, நடத்துகிறவர் என்று ஒருவரும் கிடையாது. இத்தனை பேருக்குமேல் உள்ளே விடமாட்டோம் என்று சொல்ல ஆள் இருப்பதன் அருமை அப்போது புரிந்தது. டிக்கெட் தீர்ந்துவிட்டது என்ற பலகையைப் பார்த்து எரிச்சல்படுகிறோமே, அதுவும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான்.

போகிறவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ போக வாய்ப்பு வந்தால், சனிக்கிழமையையும் அக்டோபர் கடைசி வாரத்தையும் தவிருங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நிற்க நேரிடும். யூனிவர்சலும் நாட்ஸும் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்றே சொல்கின்றன. 'என் பிள்ளை தைரியசாலி' என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். வெட்டி வெட்டி மின்னும் விளக்குகள் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் வெளியிலேயே இருப்பது நல்லது. செருப்பு வேண்டாம், காலைக் கவ்விப் பிடிக்கும் ஷூ போடுங்கள். உள்ளே ஓடாதீர்கள். முடியவில்லை என்றால் அருகில் இருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்காகத்தான் அவர் இருட்டில் நிற்கிறார்.

இது ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட முடியாது. பொருட்காட்சிகளிலும் மால்களிலும் நம் ஊரிலும் பேய் வீடுகள் வந்துவிட்டன. தகரமும் ஒட்டுப்பலகையும் கறுப்புத் துணியும் வைத்து ஒரு வாரத்தில் எழுப்பிவிடுகிறார்கள். 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் தீப்பிடித்து 27 பேரைப் பலிகொண்ட விளையாட்டு அரங்கும் தகரக் கொட்டகைதான். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றிதழ் இல்லாமலேயே அது இயங்கிவந்தது. ஜாக்சனில் எட்டுப் பிள்ளைகளைக் கொன்ற 'தற்காலிகம்' என்ற சொல், நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஓய்வு பெறவில்லை.

ஆகவே அடுத்த முறை பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பேய் வீட்டு வாசலில் நிறுத்தினால், டிக்கெட் வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக வெளியே வர வேண்டும்?" பதில் சொல்ல ஆள் இருந்தால் உள்ளே போய் நிம்மதியாகப் பயப்படுங்கள். இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.