தொட்டுப் பார்க்கட்டும் கதிரவனை!

"சூரிய ஆற்றல் – சிறுகுறிப்பு வரைக!"

கேள்வித்தாள் கேட்கிறது, பிள்ளை எழுதுகிறான். என்றும் வற்றாதது, எங்கும் கிடைப்பது, காற்றை மாசுபடுத்தாதது! மூன்றே வரி, முத்து முத்தான கையெழுத்து, முழு மதிப்பெண்! ஆசிரியருக்கு மகிழ்ச்சி, பெற்றோருக்குப் பெருமை, பள்ளிக்குத் தேர்ச்சி விழுக்காடு. எல்லாம் சரி!

அந்தப் பிள்ளையைக் கைப்பிடித்து மாடிக்கு அழைத்துச் சென்று, அங்கே சாய்த்து வைத்திருக்கும் நீலத் தகட்டைக் காட்டி, "தம்பி! இது ஏன் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பான். "இது மின்சாரம் தருவது வெளிச்சத்தாலா, வெப்பத்தாலா?" என்று கேளுங்கள். மறுபடியும் விழிப்பான். விழிப்பது அவன் குற்றமா? இல்லை, இல்லவே இல்லை! எழுதக் கற்றுக் கொடுத்தோம். தொட்டுப் பார்க்க விட்டோமா? குளத்தில் இறக்காமலே நீச்சலுக்குத் தேர்வு வைக்கிறோம். பிறகு பிள்ளைக்கு நீந்தத் தெரியவில்லையே என்று பெருமூச்சு விடுகிறோம்!

வெயிலுக்காக ஏங்கும் நாடுகள் உண்டு. நம்மைவிட வெகு குறைவாகவே கதிரவனைக் காணும் ஜெர்மனி, சூரிய மின்சாரத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. நமக்கோ வெயில் என்றால் வசைச் சொல்! "மழை இல்லை, மகசூல் இல்லை, வெயிலைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?" என்று இளக்காரமாகப் பேசப்பட்ட மாவட்டம் இராமநாதபுரம். அந்த வெயிலை நம்பித்தான் 2016ஆம் ஆண்டில் கமுதிக்கு அருகே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கர் நிலம். சுமார் 25 லட்சம் தகடுகள்! கட்டி முடித்த காலத்தில் உலகின் மிகப் பெரிய சூரிய மின்நிலையங்களில் ஒன்று அது. வசையாக இருந்த வெயில் வளமாயிற்று. மகிழ்ச்சிதான்!

ஆனால் ஒன்று கேட்கிறேன். வேலிக்கு அப்பால் தகடுகள் பளபளக்கின்றன. வேலிக்கு இப்பால் புத்தகப் பை சுமந்து போகிறான் கிராமத்துப் பிள்ளை. நாளை அவன் யார்? தகட்டைத் துடைக்கும் கூலியா, தகட்டைத் திட்டமிடும் பொறியாளனா? துடைப்பது இழிவல்ல, எந்த உழைப்பும் இழிவல்ல. துடைப்பது ஒன்றே அவனுக்கு என்று விதித்து வைப்பதுதான் இழிவு! அந்த விதியை எழுதுவது வானமல்ல, வகுப்பறை. மாற்றி எழுத வேண்டியதும் வகுப்பறைதான்.

எப்படி மாற்றுவது? கோடிகள் வேண்டாம், கூரை உயர்ந்த ஆய்வுக்கூடம் வேண்டாம். இரண்டு தகர டப்பாக்கள் போதும், தொடங்கலாம். ஒன்றுக்குக் கரியைக் குழைத்துப் பூசட்டும் பிள்ளைகள். மற்றதற்குச் சுண்ணாம்பு அடிக்கட்டும். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். முற்றத்தில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுதட்டும். கறுப்பு டப்பாவின் தண்ணீர் முந்திக்கொண்டு சூடேறும். வெள்ளை, வந்த ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கறுப்பு, வந்ததை வரவேற்று உள்ளே வைத்துக்கொள்கிறது. கறுப்பு என்றால் கேவலம் என்று யாராவது பிள்ளையிடம் சொல்லியிருந்தால், அந்தப் பொய்யும் சேர்ந்தே அன்று ஆவியாகட்டும்!

அடுத்த வாரம் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே கறுப்புத் தாள், மேலே கண்ணாடி மூடி, சுற்றிலும் வெப்பம் கசியாதிருக்க வைக்கோலோ பழந்துணியோ, வெயிலைப் பெட்டிக்குள் திருப்பிவிட பளபளப்பான தாள் ஒட்டிய ஒரு மடல். சூரிய அடுப்பு தயார்! ஒளி கண்ணாடியைக் கடந்து உள்ளே போகும். வெப்பமாக மாறியபின் எளிதில் வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும். 1767ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரத்து அறிஞர் ஒராஸ் தெ சொசூர் இப்படித்தான் கண்ணாடி மூடிய பெட்டி செய்து, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலைக்கு மேலேயே அதைச் சூடேற்றிக் காட்டினார். அன்று அந்த அறிஞர் செய்ததை இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யலாம். பெட்டிக்குள் வைத்த உருளைக்கிழங்கு வெந்து மணக்கும்போது அவன் பெறும் பாடம், ஆயுள் முழுவதும் அழியாது!

இனி நிழலுக்கு வருவோம். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, உச்சி வேளையில் அதன் நிழலை மாதந்தோறும் அளக்கச் சொல்லுங்கள். ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் நிழல் வடக்கே விழுகிறது. அப்படியானால் கதிரவன் தெற்கே இருக்கிறான்! தகடு ஏன் தெற்கு நோக்குகிறது என்பதற்கு விடை, புத்தகத்தில் அல்ல, புழுதியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலில் ஒரு நாளும், ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு நாளும், தமிழகத்தின் ஒவ்வோர் ஊரிலும் உச்சி வேளையில் குச்சியின் நிழல் காலடியிலேயே மறைந்துபோகும். இலண்டன் பிள்ளைக்குக் கிடைக்காத காட்சி அது. நம் பிள்ளைக்கு வாசலிலேயே கிடைக்கிறது, நாமோ அந்த வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு "நிழல் என்றால் என்ன?" என்று வரையறை ஒப்பிக்க வைக்கிறோம்!

பிறகு சின்னஞ்சிறு சூரியத் தகடு ஒன்று, விசிறி பூட்டிய சிறு மோட்டார் ஒன்று. சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பவை. தகட்டை வெயிலுக்கு நேரே நிமிர்த்தினால் விசிறி விரைகிறது; சாய்த்தால் தயங்குகிறது. அடுத்து மின்னழுத்தம் காட்டும் மல்டிமீட்டரை இணைத்து, வெயிலில் காய்ந்து சூடேறிய தகட்டின் முதுகில் ஈரத்துணியை ஒற்றச் சொல்லுங்கள். வெயில் மாறவில்லை, வெப்பம்தான் தணிந்தது, மின்னழுத்தமோ ஏறுகிறது! "சூடு ஏற ஏற மின்சாரம் கூடும்" என்று படித்த பெரியவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அல்ல! தகடு கேட்பது வெளிச்சத்தை. வெப்பம் அதற்கு வேண்டாத விருந்தாளி. பெரியவர் சொன்னாரே என்று நம்பாமல், அளந்து பார்த்தேன், அதனால் அறிந்தேன் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை சொல்லும் நாள் இருக்கிறதே, அந்த நாளில்தான் கல்வி கண் திறக்கிறது.

எச்சரிக்கையும் வேண்டும், மறுக்கவில்லை. கதிரவனை நேரே உற்றுப் பார்க்கக்கூடாது. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்து விளையாடக்கூடாது. சூடேறிய பெட்டியை வெறுங்கையால் திறக்கக்கூடாது. ஆசிரியர் அருகிலேயே நிற்க வேண்டும். அருகில் நிற்க வேண்டுமே தவிர, பிள்ளையின் கையிலிருப்பதைப் பிடுங்கித் தானே செய்துவிடக் கூடாது!

"விளையாட்டுக்கு நேரம் ஏது? பாடத்தை யார் முடிப்பது?" என்று கேட்போர் உண்டு. விளையாட்டா? ஒரு செய்தி சொல்கிறேன். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 25. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து அறிஞர்கள் சாப்பின், புல்லர், பியர்சன் மூவரும் உருவாக்கிய சிலிக்கான் சூரிய செல் உலகின் முன் வைக்கப்பட்டது. விழுந்த ஒளியில் சுமார் 6 விழுக்காட்டை மின்சாரமாக்கிய செல் அது. இன்று கூரைகளில் அமரும் தகடுகள் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எட்டிவிட்டன. அன்று அந்தப் புதுமையின் ஆற்றலைக் காட்ட அவர்கள் சுழலவிட்டது எதைத் தெரியுமா? ஒரு பொம்மை இராட்டினத்தை! உலகப் புகழ் பெற்ற ஆய்வுக்கூடம் பொம்மையைச் சுற்றவிட்டுப் பாடம் சொல்லலாம். நம் பள்ளிக்கூடம் செய்தால் நேரம் வீணா?

"தேர்வு என்று ஒன்று இருக்கிறதே?" என்பர். தேர்வையும் மாற்றலாமே! 1972ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து அறிவியல் கற்றார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதினார்கள். செய்முறைக்கும் மதிப்பெண் பெற்றார்கள். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அந்த முயற்சி, 2002இல் அரசின் ஆணையால் நிறுத்தப்பட்டது. நடக்க முடியாதது என்பதற்கல்ல, நடத்தியவற்றையும் காக்கத் தவறினால் கைநழுவும் என்பதற்கே அது சான்று! தமிழகத்திலும் 2022 நவம்பரில் திருச்சியில் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வாசலுக்கே சோதனைக் கருவிகளைக் கொண்டுசெல்லும் திட்டம். நல்ல தொடக்கம்! ஆனால் வந்துபோகும் விருந்தாளியாக அறிவியல் இருந்தால் போதாது. வீட்டுப் பிள்ளையாகவே வகுப்பில் குடியிருக்க வேண்டும்.

ஏன் இத்தனை வற்புறுத்துகிறேன்? அந்தச் சிறு தகடே காரணம் சொல்லும். அதில் பல செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு செல்லை அட்டையால் முழுவதும் மூடச் சொல்லுங்கள். மற்ற அத்தனை செல்களிலும் வெயில் கொட்டுகிறது. ஆனாலும் விசிறி நின்றுவிடுகிறது! ஏன்? வரிசையில் ஓடும் மின்னோட்டம் ஒன்றே. நிழலில் நிற்கும் செல் அதைத் தடுத்துவிடுகிறது. இதைவிடப் பெரிய சமுதாயப் பாடம் வேறென்ன வேண்டும்?

நம் வகுப்பறைகளைப் பாருங்கள். முதல் மதிப்பெண் மாணவன் செய்கிறான். நாற்பது பேர் எட்டி நின்று பார்க்கிறார்கள். ஆண்பிள்ளை கம்பியை இணைக்கிறான். பெண்பிள்ளை குறிப்பேட்டில் எழுதுகிறாள். கட்டணம் கட்ட வல்லவன் பிள்ளை கருவியைத் தொடுகிறான். கூலிக்காரன் பிள்ளை படத்தைப் பார்க்கிறான். கருவி வந்த பள்ளியிலோ, உடைந்தால் யார் கணக்குச் சொல்வது என்ற அச்சத்தில் அது அலமாரிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது! இத்தனை செல்களை நிழலில் நிறுத்திவிட்டு, நாட்டின் விசிறி சுழலவில்லையே என்று நாமே அங்கலாய்க்கிறோம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்பு முற்றத்துக்கு வரட்டும். நால்வருக்கு ஒரு கருவி. நால்வரும் முறை வைத்துத் தொடட்டும். கடைசி வரிசைப் பிள்ளை முதலில் தொடட்டும்! உடைந்த கருவிக்கு விளக்கம் கேட்கும் அதிகாரி, உடையாத கருவிக்கும் கேட்கட்டும்: "ஏன் இது இன்னும் புதிதாகவே இருக்கிறது?" என்று. பெற்றோரும் பள்ளிக்கூடம் சென்று, "என் பிள்ளை என்ன மதிப்பெண்?" என்பதோடு, "என் பிள்ளை என்ன செய்தாள்?" என்றும் கேட்கட்டும்.

15 கோடி கிலோமீட்டர் கடந்து, எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேலான நேரத்தில், நம் பள்ளி முற்றத்தில் வந்து நிற்கிறது ஒளி. ஊதியம் கேட்காத ஆசிரியர். சாதி கேட்காத ஆசிரியர். குடிசைக்கும் மாளிகைக்கும் ஒரே பாடம் நடத்தும் ஆசிரியர்! அவர் வந்து காத்திருக்கிறார். வகுப்பறைக் கதவைத் திறக்க வேண்டியது மட்டுமே நம் வேலை.

திறப்போம்!