ஆழ்கடலில் இராமன் ஒளி

சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரை பொங்கி எழுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அழுத்தத்தால் நீருள் அடங்கிக் கிடந்த வாயு, அழுத்தம் நீங்கியதும் வெளியேறிவிடுகிறது. ஆழ்கடலை ஆராயும் அறிஞர்க்கு இதுவே பெருந்தொல்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 1,000 மீட்டர் ஆழத்தில் அது ஏறத்தாழ 100 மடங்காகிவிடுகிறது. அங்கே எடுத்த சேற்றைக் கப்பலுக்குக் கொணர்வதற்குள், அதிற் கரைந்திருந்த வாயுக்களில் பெரும்பகுதி பிரிந்து போய்விடும். கரையிலுள்ள ஆய்வுக்கூடம் சோதிப்பது எஞ்சியதை மட்டுமே.

அப்படியானால் ஆய்வுக்கூடத்தையே கடலுக்குள் இறக்கினால் என்ன? இவ்வாறு எண்ணியவர்கள், அமெரிக்காவில் கலிபோர்னியாக் கரையில் டேவிட் பக்கார்டு 1987-இல் நிறுவிய மான்டரே விரிகுடா ஆராய்ச்சி நிலையத்தார். பீட்டர் புரூவர் என்னும் வேதியியலறிஞரும் அவருடைய குழுவினரும் இதற்குத் துணைகொண்ட கண்டுபிடிப்பு நம் தமிழருடையது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், 1921-இல் கப்பலில் நாடு திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் நிழலே கடலின் நீலம் என்று ரேலி பிரபு கூறியிருந்ததை அவர் ஏற்கவில்லை. அன்று தொடங்கிய ஆராய்ச்சி, 1928 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவில் கனிந்தது. உடன் உழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன். ஒரு பொருளின்மீது பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறுகிறது; அம்மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். ஆகவே பொருளைத் தொடாமலே, அது இன்னதென்று ஒளியைக் கொண்டு அறியலாம். (விசாகப்பட்டினத்துத் தூய அலோசியுஸ் பள்ளியில் இராமன் பயின்றவர் என்பது நம் வாசகர்க்கு மகிழ்ச்சி தரும்.)

கடலின் நீலத்தில் பிறந்த இவ்வறிவு, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் கடலுக்கே திரும்பிற்று. பச்சை நிற லேசர் விளக்கையும் நிறமாலைமானியையும் அழுத்தம் தாங்கும் கலங்களில் அடைத்து, ஆளில்லா நீர்மூழ்கி இயந்திரங்களில் பொருத்தினர். கப்பலில் அமர்ந்திருப்போர் கம்பிவடத்தின் வழியே அவற்றை இயக்குவர். எளிய வேலையன்று இது. பாறையைச் சோதிக்கையில் லேசர்ப் புள்ளி மயிரிழையும் பிசகலாகாது. நீரோட்டத்தில் ஆடும் இயந்திரமோ அவ்வளவு அசையாது நிற்பதில்லை. எனவே கடல்தரையில் ஊன்றி நின்று, ஒளிமுனையைச் சிறிது சிறிதாக நகர்த்தும் தனித் தாங்கி ஒன்றையும் செய்ய வேண்டியதாயிற்று.

ஓரிகன் கரைக்கு அப்பால் ‘ஹைட்ரேட் ரிட்ஜ்’ என்றொரு கடலடி மேடு உண்டு. அங்கே மீத்தேன் வாயு, குளிராலும் அழுத்தத்தாலும் நீருடன் கூடிப் பனிக்கட்டிபோல் உறைந்து கிடக்கிறது. ஒரு கன மீட்டர் கட்டி உருகினால் ஏறத்தாழ 160 கன மீட்டர் வாயு வெளிப்படும். அங்குள்ள சேற்றுநீரைக் கடலடியிலேயே இராமன் முறையால் அளந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டபோது, மேலே கொணர்ந்து அளந்தவற்றைவிட மீத்தேன் பல மடங்கு மிகுதி எனத் தெரிந்தது. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவினும் வலிமை மிக்கதாகிய மீத்தேனின் கணக்கு, இத்தனை காலம் குறைவாக எழுதப்பட்டிருந்தது!

கரியமில வாயுவையும் இக்கருவி கொண்டு ஆழத்தில் சோதித்தனர். ஆலைப் புகையிலுள்ள அவ்வாயுவைத் திரவமாக்கி ஆழ்கடலில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் அப்போது வலுத்திருந்தது. சுமார் 3,000 மீட்டருக்குக் கீழே அத்திரவம் கடல்நீரைவிடக் கனமாகி அடியில் தங்கும் என்பது உண்மையே. ஆயினும் அது கரையுந்தோறும் நீர் அமிலமாகிறது. தப்பி ஓட இயலாத சிற்றுயிர்களின் கதி என்ன? கடல்நீர் அமிலமாவதன் தீங்கைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் குறிப்பிட்டார். அதற்கு முன்னரே, கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் லண்டன் நெறிமுறையில் 2006-இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. கடலடிக்கும் கீழேயுள்ள பாறை அடுக்குகளுள் கரியமில வாயுவைச் சேமிக்க மட்டுமே அது இடமளித்தது. கடல்நீரில் விடுவதற்கு அன்று.