நிறுத்திய வானொலியும் பெய்ரூட்டின் மெல்லிசையும்

எமது ஊர்களில் சாவு நிகழ்ந்த வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது வானொலிதான். அயல்வீட்டாரும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வர். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று ஒவ்வொன்றாக முடிய, வீடு மெல்ல மெல்ல வழமைக்குத் திரும்பும். கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்கும் அவரவர் மரபில் இவ்வாறான கால எல்லைகள் உண்டு. இனிப் பாட்டுக் கேட்கலாம் என்று எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. நாட்காட்டி அதைச் சொல்லிவிடும்.

ஆனால், காணாமலாக்கப்பட்டவர்களின் வீடுகளில் அந்த நாட்காட்டி இல்லை. எட்டும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. 2009 இல் நிறுத்திய வானொலியை இன்றுவரை போடாத வீடுகளுக்கு நான் போய்வருகிறேன். அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இத்தகைய இழப்பைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டு எழுதினார். ஆள் இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாத நிலையில் துக்கம் ஒரு முடிவுக்கு வருவதில்லை. சமூகவியல் மாணவியாகப் புத்தகத்தில் படித்த அந்தச் சொல்லின் பாரம், முற்றத்தில் பாயில் அமர்ந்து தாய்மாருடன் கதைத்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இந்த வீடுகளில் இசைக்கு இடமுண்டா? இக்கேள்வி மனதில் இருக்கும்போது நான் கேட்கப் பழகியதுதான், அரபு இசையின் சாயல் கொண்ட இலத்திரனியல் மெல்லிசை. ‘லவுஞ்ச்’ இசை என்று அதனை அழைப்பர். எங்கோ இருக்கும் உல்லாச விடுதிகளின் இசைக்கும் எமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுமையாக வாசியுங்கள் சகோதரிகளே.

எங்கிருந்து வந்தது?

‘லவுஞ்ச்’ என்றால் ஆறுதலாக இருந்து கதைக்கும் கூடம். அங்கே பின்னணியில் மெதுவாக ஒலிப்பதற்கென்று அமைந்ததே இவ்விசை. ஸ்பெயின் நாட்டின் இபிசா தீவில் 1980 இல் திறக்கப்பட்ட ‘கபே டெல் மார்’ என்ற கடற்கரை விடுதியில், சூரியன் மறையும் வேளைக்கென்றே ஹொசே படில்லா என்பவர் இசையைத் தெரிந்து ஒலிக்கவிட்டார். அத்தெரிவுகள் 1994 முதல் இறுவட்டுகளாக வெளிவந்தன. 1996 இல் பாரிஸ் நகரில் ‘புத்தா பார்’ என்ற உணவு விடுதி திறக்கப்பட்டது. டுனீசியாவில் பிறந்த குளோட் ஷால் என்பவர் அதற்காகத் தொகுத்த முதல் இறுவட்டு 1999 இல் வெளியாகி உலகெங்கும் விற்பனையானது. அரபு, துருக்கி, இந்திய இசைகள் இலத்திரனியல் தாளத்தோடு கலந்து வரும் தொகுப்புகளுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

இதில் விமர்சிக்க வேண்டியதும் உண்டு. மது விற்கும் இடத்தில் புத்தர் சிலையை அலங்காரமாக வைப்பது பலர் மனதைப் புண்படுத்தியது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் இயங்கிய புத்தா பாரை மூடும்படி 2010 இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. கீழைத்தேய மக்களை மர்மமும் மயக்கமும் நிறைந்தவர்களாகக் காட்டும் மேற்கின் பழக்கத்தைப் பற்றி எட்வர்ட் செய்த் 1978 இலேயே எழுதியிருக்கிறார். இந்த இறுவட்டுகள் சிலவற்றின் அட்டையைப் பார்த்தாலே அவர் சொன்னது சரியென்று தெரியும். ஆயினும், இந்த இசையின் முழுக்கதை பாரிஸ் விடுதியோடு முடிந்துவிடவில்லை.

காதுக்கு ஏன் அந்நியமாக இல்லை?

இவ்விசையை முதன்முதலாகக் கேட்கும் எம்மவர் பலர், “எங்கேயோ கேட்டமாதிரி இருக்கு” என்பர். அதற்குக் காரணம் உண்டு. எமக்கு இராகம் போல அரபு இசைக்கு ‘மகாம்’. லவுஞ்ச் இசையில் அதிகம் கேட்கும் மகாம்களுள் ஒன்று ‘ஹிஜாஸ்’. அதன் முதல் நான்கு சுரங்கள், நாம் சிறுவயதில் சரளி வரிசை படித்த மாயாமாளவகௌளையின் ச ரி க ம அமைப்பிலேயே உள்ளன. ‘ஹிஜாஸ்கார்’ என்ற மகாமின் சுர வரிசையோ முழுவதுமே மாயாமாளவகௌளையை ஒத்தது. சங்கீத வகுப்பில் தரையில் இருந்து தாளம் போட்ட பிள்ளைக்கு அந்த ஒலி எப்படி அந்நியமாகும்?

வாத்தியங்களும் அப்படித்தான். ‘ஊத்’ என்பது பேரிக்காய் வடிவில் வயிறு பருத்த தந்தி வாத்தியம். வீணையில் உள்ளதுபோல மெட்டுகள் அதில் இல்லாததால், இரண்டு சுரங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய ஒலிகளையும் விரல் தொட்டுவிடும். ‘நாய்’ என்பது நாணற்குழல். ‘ரிக்’ எங்கள் கஞ்சிராவுக்கு உறவு. ‘தர்புக்கா’ என்ற மத்தளத்தின் நடுவில் அடித்தால் ‘தும்’, ஓரத்தில் அடித்தால் ‘தக்’. இவற்றுக்கு அடியில் கணினியால் உருவாக்கிய ஆழ்ந்த ஒலி நீண்டு செல்லும். ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 110 வரையான அடிகள் விழும். ஆடச் சொல்லும் வேகமும் அதற்கு இல்லை. அழச் சொல்லும் இழுவையும் இல்லை. ஒருவர் நடந்துபோகும் கதி என்று சொல்லலாம்.

பெண்களின் சடங்கிலிருந்து எழுந்த ஒலி

அரபு ஒலியை இயந்திரத்தோடு சேர்க்கும் முயற்சி ஐரோப்பாவில் தொடங்கியதாகவே பலர் எண்ணுகின்றனர். எகிப்தின் கெய்ரோ நகரில் 1944 இலேயே அது நடந்துவிட்டது. ஹலீம் எல்-தாப் என்ற இளைஞர், வானொலி நிலையத்திலிருந்து கம்பி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இரவலாகப் பெற்று, ‘ஸார்’ என்னும் சடங்கைப் பதிவுசெய்தார். பின்னர் நிலையத்தில் இருந்து அந்தக் குரல்களின் சில பகுதிகளை நீக்கி, எதிரொலி சேர்த்து, மீண்டும் பதிந்து ஒரு புதிய படைப்பை ஆக்கினார். இலத்திரனியல் இசையின் மிகப் பழைய ஆக்கங்களுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது. பிரான்சில் பியர் ஷேபர் செய்த புகழ்பெற்ற பரிசோதனைகள் 1948 இல்தான் வந்தன.

‘ஸார்’ என்பது என்ன? மனமும் உடலும் சோர்ந்த பெண்களுக்காகப் பெண்களே கூடி, மேளம் கொட்டிப் பாடி, ஆடவைத்துத் தேற்றும் சடங்கு. எமது கோவில்களில் உருவாடும் பெண்களைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். வீட்டில் சொல்ல முடியாததை உடல் சொல்வதற்கு அச்சடங்கு ஓர் இடம் கொடுத்தது. இன்று குளிரூட்டிய விடுதிகளில் ஒலிக்கும் இசையின் மூத்த உறவு ஒன்று, துயருற்ற பெண்களின் கூட்டத்தில்தான் பதிவாகியிருக்கிறது.

போர் முடிந்த நகரத்தில்

லெபனானில் 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ஏறக்குறைய 17,000 பேர் காணாமற்போனதாகக் கூறப்படுகிறது. 1991 இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. பின்னர் தலைநகர் பெய்ரூட்டின் மத்திய பகுதி இடித்துப் புதிதாகக் கட்டப்பட்டது. கண்ணாடிக் கடைகளும் பளபளக்கும் விளம்பரங்களும் எழுந்தன. நடந்தவற்றைப் பற்றிக் கதைக்காமல் இருப்பதே நல்லது என்ற மனநிலையும் அவற்றோடு எழுந்தது.

அக்காலத்தில், 1990களின் பிற்பகுதியில், யாஸ்மின் ஹம்தான் என்ற இளம்பெண்ணும் ஸைத் ஹம்தான் என்ற இளைஞரும் சேர்ந்து ‘சோப்கில்ஸ்’ என்ற இசைக்குழுவை அமைத்தனர். சவர்க்காரம் கொல்லும் என்பது அப்பெயரின் பொருள். போரின் கறையைக் கழுவித் துடைத்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல் மினுங்கிய நகரத்தைக் குத்திக்காட்டிய பெயர் அது. 1976 இல் பெய்ரூட்டில் பிறந்த யாஸ்மின், குவைத், அபுதாபி, கிரேக்கம் என்று நாடுவிட்டு நாடு மாறி வளர்ந்தவர். 1944 இல் மறைந்த அஸ்மஹான் முதலிய பழைய பாடகிகளைக் கேட்டுக் கேட்டே தன் பாடும் முறையை அவர் கண்டெடுத்தார். ‘பாத்தர்’ என்ற அவர்களது இசைத்தொகுப்பு 2001 இல் வெளிவந்தது. மெதுவான இயந்திரத் தாளத்துக்கு மேல், உரத்துப் பாடாமல், பக்கத்தில் இருந்து கதைப்பதுபோல அரபு மொழியில் ஒரு பெண் குரல். அந்த நகரத்தின் இளைஞர்களுக்கு அது புதிதாக இருந்தது. போர்க்காலப் பாடல்கள் வீரம் பேசின, அல்லது ஒப்பாரி வைத்தன. இக்குரல் இரண்டையும் செய்யாமல், நடந்ததை அறிந்த ஒருவராக அருகில் இருந்தது.

அதே நகரத்தில் இன்னொரு குரலும் இருந்தது. 1982 இல் கணவர் கடத்தப்பட்டபின், வதாத் ஹல்வானி என்ற ஆசிரியை, தன்போன்ற பெண்களை ஒன்றுகூடுமாறு வானொலி வழியாக அழைத்தார். நூற்றுக்கணக்கான பெண்கள் வந்தனர். காணாமற்போனோர் குடும்பங்களின் சங்கம் அப்படித்தான் பிறந்தது. 36 ஆண்டுகள் கழித்து, 2018 இல், காணாமற்போனோரைத் தேடுவதற்கான சட்டம் லெபனான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இசை இந்தச் சட்டத்தைக் கொண்டுவரவில்லை. தேடிய பெண்கள்தான் கொண்டுவந்தனர். எனினும், தேடலும் இசையும் ஒரே நகரத்தில் ஒன்றையொன்று தடுக்காமல் வாழ்ந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கூடத்தில் பாட்டு, குசினியில் நாங்கள்

பெய்ரூட்டின் கூடங்களில் இவ்விசை ஒலித்தபோது, பல வீடுகளின் குசினியில் எமது நாட்டுப் பெண்கள் நின்றனர். எந்த நாட்டுப் பணிப்பெண்ணையும் ‘சிரிலங்கியே’ என்று அழைக்கும் அளவுக்கு லெபனானில் இலங்கைப் பெண்கள் வேலைசெய்தனர்.

கிளிநொச்சிப் பக்கத்தில் நான் சந்திக்கும் ஓர் அக்கா, 2002 முதல் 2005 வரை அங்கு இருந்தவர். 2009 முதல் அவருடைய மகனைக் காணவில்லை. ஒருநாள் படிவம் நிரப்பி முடித்து, பேருந்துக்கு நேரம் இருந்ததால் என் கைத்தொலைபேசியில் ஊத் இசை கலந்த ஒரு பாட்டை மெதுவாகப் போட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“தங்கச்சி, இது அந்த வீட்டுப் பிள்ளை பின்னேரத்தில போடுற மாதிரிப் பாட்டு. சொல்லு ஒண்டும் விளங்காது. ஆனா, ஆரோ ஒராள் தனிய இருந்து யோசிக்கிற மாதிரி இருக்கும். நான் கோப்பை கழுவிக்கொண்டு கேப்பன்.”

சற்று நேரம் கழித்து, “இவன் வராமல் நான் பாட்டுக் கேட்டா சனம் என்ன சொல்லும்?” என்றார்.

நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடியும்வரை இருவரும் இருந்தோம். அதன்பின் அவர் மகனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடம் போகமுன் சோற்றுப் பானை மூடியில் தாளம் போடுவானாம். ஏசினால் இன்னும் பலமாகப் போடுவானாம். காணாமற்போன திகதி, இடம், உடுத்திருந்த உடுப்பு எல்லாவற்றையும் எத்தனையோ படிவங்களில் அந்தத் தாய் சொல்லிவிட்டார். அவன் தாளம் போடுவான் என்பதைக் கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை. பாட்டுக் கேட்டால் மறந்துவிடுவோமோ என்று அஞ்சியவருக்கு, அந்தப் பாட்டு பிள்ளையை முழுசாக நினைக்க ஒரு சிறிய நேரத்தைக் கொடுத்தது.

சொல் விளங்காமையும் ஒரு வகையில் நன்மையே. எமது மொழிப் பாடல்கள் ஒவ்வொன்றும் ஒரு நாளை, ஓர் ஆளை, ஓர் இடப்பெயர்வை உடனே கொண்டுவந்துவிடும். விளங்காத மொழிப் பாட்டு எம்மிடம் எதையும் கேட்பதில்லை. எதை நினைப்பது, எதை நினையாமல் விடுவது என்பதை நாமே தெரிந்துகொள்ளலாம்.

கேட்கும்போது கவனிக்க வேண்டியவை

இசை மருந்தல்ல. நித்திரையின்மையும் பயமும் தொடர்ந்தால் வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ செல்வதே முறை. இசையைத் துணையாகக் கொள்ள விரும்பும் சகோதரிகளுக்கு என் வேலை அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

சத்தத்தைக் குறைவாக வையுங்கள். அடி பலமாக விழும் பாட்டுகள் வெடிச்சத்தத்தை நினைவூட்டலாம். நெஞ்சு படபடத்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரு காதையும் அடைத்துக் கேட்பது சிலருக்குப் பயத்தைத் தரும். வெளியே என்ன நடக்கிறது என்று கேட்காவிட்டால் மனம் பதறும். அவர்கள் ஒரு காதில் மட்டும் கேட்கலாம். இரவில் தனிமையில் தொடங்காமல், பின்னேரத்தில் தைக்கும்போதோ கடகம் இழைக்கும்போதோ கேட்டுப் பாருங்கள். இருவர் மூவர் சேர்ந்து கேட்பது இன்னும் நல்லது. பாட்டு முடிந்ததும் எவரேனும் ஏதாவது சொல்லத் தொடங்குவர். அதைக் கேட்க ஆள் இருக்க வேண்டும்.

அரபு மெல்லிசைதான் வேண்டும் என்றில்லை. தேவாரமாகவோ, வேதப் பாடலாகவோ, பழைய வானொலிப் பாட்டாகவோ இருக்கலாம். அயலில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காத்திருக்கும் பெண்ணின் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால், “இவளுக்குத் துக்கம் தீர்ந்துபோச்சு” என்று சொல்லாதீர்கள். ஓரமாகப் போய் அவளோடு அமர்ந்து கேளுங்கள்.

அந்தியேட்டி இல்லாத வீட்டுக்கு, வானொலியைப் போடுவதற்கென்று எவரும் நாள் குறித்துத் தரப்போவதில்லை. தேடுவதை நிறுத்தாமலே, அந்த நாளை நீங்களே குறித்துக்கொள்ளலாம்.