ஏட்டிலிருந்து நாவுக்கு: முட்சுன் மொழியும் பல்கலைக்கழகமும்

கலிபோர்னியாவில் மான்டெரே விரிகுடாவிலிருந்து சற்று உள்நாட்டில் அமைந்த சான் ஹுவான் பௌதிஸ்தா வட்டாரத்தில் வழங்கிய முட்சுன் மொழியைச் சரளமாகப் பேசத் தெரிந்த கடைசி மூதாட்டி அசென்சியோன் சொலோர்சானோ 1930ஆம் ஆண்டு காலமானார். 1797இல் ஸ்பானியர் அங்கு நிறுவிய மறைப்பணித் தளத்தில் பழங்குடியினர் குடியமர்த்தப்பட்டு நோய்க்கும் கட்டாய உழைப்புக்கும் ஆளானதும், 1848க்குப் பின் தங்கம் தேடி வந்த பெருங்கூட்டம் அவர்களது நிலங்களைப் பறித்ததும் ஒன்றுசேர்ந்து, தாயிடமிருந்து சேய்க்கு மொழி சென்ற வழியை அடைத்துவிட்டன. பேசுவோர் இல்லாவிட்டாலும் வழித்தோன்றல்களும் எழுத்துப் பதிவுகளும் எஞ்சியிருக்கும் இத்தகைய மொழிகளை ‘இறந்தவை’ என்னாமல் ‘உறங்கும் மொழிகள்’ என்றே அச்சமூகத்தாரும் மொழியியலாளர் பலரும் குறிப்பிடுகின்றனர். அவற்றை மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவரும் பணியே மொழி மீட்டெடுப்பு எனப்படுகிறது.

முட்சுன் மொழிக்கு எஞ்சிய பதிவுகளில் இரண்டு தலையாயவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மறைப்பணித் தளத்தில் வாழ்ந்த பாதிரியார் பெலிப்பே அரோயோ டெ லா குவெஸ்தா தொகுத்த சொற்களும் தொடர்களும் ஒன்று. நோயுற்றுப் படுக்கையில் இருந்த சொலோர்சானோவின் அருகில் அமர்ந்து, அவருடைய இறுதி மாதங்களில் மொழியியலாளர் ஜான் பீபடி ஹாரிங்டன் எழுதிய களக்குறிப்புகள் மற்றொன்று. பல்கலைக்கழகப் பயிற்சி எதற்குத் தேவை என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே உணரலாம். தமிழின் த, ட ஒலிகளை நினைவூட்டும் வகையில், நுனிநா ஒலியும் நாவளை ஒலியும் முட்சுன் மொழியில் பொருளை வேறுபடுத்துகின்றன. ஸ்பானிய எழுத்து மரபிலோ அவ்வகைக்கு ஓரெழுத்தே உண்டு என்பதால், பாதிரியாரின் ஏட்டை மட்டும் நம்பி உச்சரிப்பவர் எந்த ஒலி எங்கே வரும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. நுண்செவி படைத்த ஹாரிங்டனின் குறிப்புகள் இக்குறையை நிரப்புகின்றன என்றாலும், ஸ்பானியமும் ஆங்கிலமும் தனிக் குறியீடுகளும் கலந்து கிடக்கும் அப்பக்கங்களை ஒலியியலும் இலக்கண ஆய்வும் பயிலாத ஒருவர் தொடர்ந்து படிப்பது அரிது.

அப்பதிவுகளைக் கொண்டே மார்க் ஓக்ரண்ட், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1977ஆம் ஆண்டு முட்சுன் இலக்கணத்தை முனைவர் பட்ட ஆய்வேடாக அளித்தார். பின்னாளில் ஸ்டார் டிரெக் திரைப்படங்களுக்காகக் கிளிங்கன் என்னும் கற்பனை மொழியை உருவாக்கியவரும் இவரே. பேசுவோர் ஒருவரைக்கூடக் கேட்காமல், காகிதங்களை மட்டுமே ஒப்பிட்டு வேர்ச்சொற்களையும் விகுதிகளையும் பிரித்துக் காட்டிய இவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆனால் மொழியியலாளருக்காக எழுதப்பட்ட ஆய்வேடு முட்சுன் குடும்பங்களுக்குப் பூட்டிய வீடாகவே இருந்தது.

அப்பூட்டைத் திறக்க முற்பட்டவர்கள் பழங்குடியினரே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கலிபோர்னியப் பழங்குடி மொழி ஆர்வலர்களின் அமைப்பு ஒன்றும், பெர்க்லிப் பேராசிரியர் லியான் ஹின்டனும் இணைந்து 1990களில் தொடங்கிய ‘உயிர்மூச்சு’ என்ற பொருள்படும் பெயருடைய பயிலரங்கில், தம் முன்னோரின் மொழியைத் தேடி வருபவர் ஒவ்வொருவருக்கும் மொழியியல் மாணவரோ ஆய்வாளரோ துணையாக அமர்த்தப்படுகிறார். ஒரு வார காலத்தில், காப்பகத்தில் தம் மொழிக்குரிய குறிப்புகளைக் கண்டெடுக்கவும், ஒலிக்குறியீடுகளைப் படிக்கவும், கண்டெடுத்த சொற்களைக் கொண்டு ஒரு வேண்டுதலையோ சிறு கதையையோ அமைக்கவும் அவர்கள் கற்கின்றனர். துணை நிற்கும் மாணவருக்கும் இது பெரும் படிப்பே. பாடநூலில் ‘தரவு’ எனக் கற்ற ஒன்று எதிரே அமர்ந்திருப்பவரின் பாட்டியுடைய பேச்சு என்பதை அவர் அங்கே நேரில் அறிகிறார்.

முட்சுன் சமூகத்தைச் சேர்ந்த கிரினா கியரி, மொழியியலாளர் நடாஷா வார்னர், லின்னிகா பட்லர் ஆகிய மூவர் தொகுத்த முட்சுன்–ஆங்கில அகராதி 2016இல் வெளிவந்தது. சாதாரண விசைப்பலகையில் தட்டச்சு செய்யக்கூடிய எழுத்துமுறையை அது கையாள்வது சிறு செய்தியாகத் தோன்றலாம். குறுஞ்செய்தியில் எழுத முடியாத மொழியை இளையோர் எடுத்தாளமாட்டார்கள் என்பதை எண்ணினால் அதன் அருமை விளங்கும். பழைய ஏடுகளில் இல்லாத இக்காலப் பொருள்களுக்குப் புதுச்சொல் ஆக்குவதா, பிறமொழிச் சொல்லைக் கொள்வதா என்பன போன்ற வினாக்களும் இப்பணியில் எழுகின்றன. அவற்றுக்கு வழிவகைகளை எடுத்துரைப்பதே மொழியியலாளரின் வேலை. முடிவெடுக்கும் உரிமை மொழிக்கு உரியவர்களுடையது. பேசுவோர் இன்னும் வாழும் மொழிகளுக்கோ ஏட்டைவிட மூத்தோரே முதன்மையானவர் என்பதால், ஒரு முதியவரும் ஒரு கற்பவரும் வாரத்தில் பல மணி நேரம் ஆங்கிலமின்றி ஒன்றாகப் பொழுது கழிக்கும் ‘ஆசான்–மாணவர்’ முறை 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் உருவாக்கப்பட்டுப் பிற நாடுகளுக்கும் பரவியது.

இவ்வரலாற்றுக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பும் உண்டு. பெர்க்லியில் கலிபோர்னிய மொழிகளைப் பதிவுசெய்யும் ஆய்வுத் திட்டத்தை 1950களில் மொழியியலாளர் மேரி ஹாஸுடன் முன்னின்று அமைத்த மர்ரே பார்ன்சன் எமனோ, 1930களில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை எழுதி வைத்தவர். தாமஸ் பர்ரோவுடன் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் தொகுத்தவர். அவர் பதிவுசெய்த கோத்தர் கதைகளும் தோடர் பாடல்களும் நூல்களாக அச்சேறியுள்ளன. முட்சுன் மக்கள் காகிதத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் தோடர், கோத்தர் மொழிகள் இன்றும் வீடுகளில் பேசப்படுவதால், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் மாணவர்கள் அந்நூல்களை ஏந்திச் சென்று, அம்மொழிகளைப் பேசுவோருடனேயே அமர்ந்து, அவர்களுடைய பிள்ளைகள் படிப்பதற்கேற்ற வடிவில் அவற்றை மாற்றித் தரும் பணியை இப்போதே மேற்கொள்ள இயலும்.